மீட்டரில் எரியாத பல்பு

"மீட்டர் லைட்டுதானே, பகல்லதான ஓட்டுறேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிப்போனவரின் காரை மூன்று மாதத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அடியில் கல் பட்டு ஆயில் முழுக்க ஒழுகி, எஞ்சின் சீஸ், உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டது. ஆயில் லைட் எரியவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். எப்படி எரியும்? அந்த பல்பு எப்போதோ போயிருந்தது.

இருட்டில் முள்ளைக் காட்டும் பல்பு போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். எச்சரிக்கை பல்பு அப்படியில்லை. வண்டி நன்றாக இருந்தாலும் எரியாது, பல்பு போயிருந்தாலும் எரியாது. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். ஆயில், பேட்டரி இரண்டும் சிவப்பாக எரிய வேண்டும்; எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும்.

பேட்டரி லைட்டில் இன்னொரு சங்கதி உண்டு. பல பழைய கார்களில் அந்த பல்பு வழியாகப் போகும் கொஞ்சம் கரண்ட்தான், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே எழுப்பிவிடுகிறது. பல்பு போனால் சார்ஜ் ஏறாமல் நிற்கலாம். பல்பு போனது தெரியாமல் ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்! அந்த இடத்தில் எல்இடி போட்டாலும் கரண்ட் போதாமல் இதே கதை வரலாம். அங்கே மட்டும் பழைய இழை பல்பே இருக்கட்டும்.

மீட்டர் வெளிச்சம் மொத்தமாகப் போயிருந்தால் எதையும் கழற்றாதீர்கள். இறங்கிப் பின்னால் போய் டெயில் லைட்டைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பியூஸ்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதையும் பாருங்கள். டேஷ்போர்டைத் துடைத்தபோது யாராவது திருப்பியிருப்பார்கள்.

மீட்டரைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் மீட்டருக்குப் பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டியிருக்கும். அதை விடுவிக்காமல் இழுத்தால் ஏதாவது உடையும். பின்பக்கம் செம்புக்கோடு ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், நகம்கூடப் படக் கூடாது. ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் கையோடு வரும். திறந்தது திறந்ததுதான், எல்லா பல்பையும் மாற்றிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வயசு. புதிதாகப் போட்ட எல்இடி எரியவில்லையா? கடைக்காரரைத் திட்டாமல் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் கூட வேண்டுமென்று அதிக வாட் பல்பு போடவே போடாதீர்கள், ஹோல்டர் சூட்டில் உருகும். போன பல்பைத் தூக்கிப் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். எத்தனை வாட் என்று பெரும்பாலும் அதன் அடியிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.