வெளியூர் சுற்றும் ஊழியருக்கு என்ன லேப்டாப் வாங்குவது?

கோவையில் ஒரு பம்ப்செட் நிறுவனத்துக்கு கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கிறேன். அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் திருநெல்வேலி பஸ்ஸில் லேப்டாப் பையைத் தவறவிட்டார். மூன்று மாதக் கொட்டேஷன்கள் அதில் மட்டும்தான் இருந்தன. எந்த டீலருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதும் அதில்தான். போனில் அவர் குரல் நடுங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம்தான், ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு குரோம்புக் (கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப்) கொடுக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். வேலையெல்லாம் பிரவுசரில் நடக்கும், கோப்புகள் இணையத்தில், கூகுள் டிரைவில் இருக்கும். நிறுவனக் கணக்கில் பதிந்த குரோம்புக் தொலைந்தால் அலுவலகத்திலிருந்தே முடக்கலாம். அடுத்து இணையத்தில் சேரும்போது அது முடங்கிவிடும். இந்த வசதிக்குத் தனி உரிமம் வேண்டும். விலை பேசும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஊழியர் வேறொரு குரோம்புக்கில் தன் கணக்கைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. டேலி என்ற கணக்கு மென்பொருளை இதில் நேரடியாகப் போட முடியாது. கணக்குப் பிரிவுக்கு விண்டோஸே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஒரு பிரதிநிதியோடு சுற்றுங்கள். நான் சுற்றினேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அவர் எக்ஸெல் ஷீட் ஒன்றைத் திறந்தார். ஹெட்டையும் (தண்ணீர் ஏற வேண்டிய உயரம்) டிஸ்சார்ஜையும் (வர வேண்டிய தண்ணீரின் அளவு) போட்டால் எந்த மாடல் பொருந்தும் என்று சொல்லிவிடும். உள்ளே மேக்ரோ, அதாவது எக்ஸெலுக்குள்ளேயே எழுதிய சின்ன நிரல். அந்த மேக்ரோ பிரவுசரில் ஓடாது! அதை கூகுள் ஷீட்ஸுக்கு ஏற்ப மாற்றி எழுத இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை ஒன்றுகூட வாங்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தேன். அந்தத் தோப்பில் சிக்னலும் கிடையாது. இணையம் இருக்கும்போதே ஆஃப்லைன் வசதியைப் போட்டு, வேண்டிய ஷீட்டையும் குறித்துவைத்தால்தான் அங்கே திறக்கும். ஆளுக்கு ஆள் உட்கார்ந்து அதைச் செய்துகொடுத்தோம்.

நினைவகம் (ரேம்) 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம். பத்து டேப் திறந்தால் 4 ஜிபி திணறும்.

கடைசியாக, அப்டேட் முடியும் தேதி. 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் உண்டு. ஆனால் அது நாம் பில் போட்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் வெளியான நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். செட்டிங்ஸில் ‘அபவுட் குரோம்ஓஎஸ்’ பகுதிக்குள் போனால் அந்தத் தேதி இருக்கும். கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.