ராஜினாமாக் கடிதம் என்னும் ஆயுதம்

1914 செப்டம்பர் 8, முதல் உலகப் போர். லக்சம்பர்க்கில் இருந்த ஜெர்மன் தலைமையகத்திலிருந்து ஒரு கார் போர்முனைக்குக் கிளம்பியது. உள்ளே இருந்த ரிச்சர்ட் ஹென்ச் வெறும் லெப்டினன்ட் கர்னல். எழுத்தில் எந்த உத்தரவும் அவர் கையில் இல்லை. மறுநாள் முதலாம் படைப்பிரிவின் தலைமையிடத்துக்குப் போனவர், தளபதி க்ளூக்கைப் பார்க்கவே இல்லை. தளபதிக்கு அடுத்திருந்த திட்ட அதிகாரி கூல் என்பவரிடம் பேசினார். பாரிஸை நெருங்கியிருந்த அந்தப் பெரும்படை பின்வாங்கியது.

ஒரு கர்னலின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? ஜெர்மன் படை அமைப்பில் ஒவ்வொரு தளபதியின் பக்கத்திலும் ஒரு திட்ட அதிகாரி இருப்பார். தளபதி இளவரசராகக்கூட இருக்கலாம். பெயர் அவருடையது, வேலை திட்ட அதிகாரியுடையது. இந்த அதிகாரிகள் எல்லோரும் ஒரே பள்ளியில் பயின்று, ஒரே முறையில் சிந்திக்கப் பழகியவர்கள். தளபதிகளைத் தாண்டி, தங்களுக்குள் தொலைபேசியிலேயே பேசி முடித்துக்கொள்வார்கள். போர்க்களத்தில் இது வேகத்தைக் கொடுத்தது. நாட்டின் ஆட்சிக்கும் இந்தப் பழக்கம் பரவியதுதான் விபரீதம்.

1871 அரசியல் சாசனப்படி படைத் தலைமை நேரடியாகக் கைசருக்கு, அதாவது ஜெர்மன் பேரரசருக்கு, பதில் சொன்னால் போதும். அரசின் தலைவரான சான்சலரும் அப்படியே. நாடாளுமன்றத்துக்குப் பணத்தின் மீது பிடி உண்டு, படையின் மீது கிடையாது. படையையும் ஆட்சியையும் சேர்த்துக் கட்டிய ஒரே முடிச்சு கைசர் இரண்டாம் வில்ஹெல்ம். போர் நீள நீள அந்த முடிச்சு தளர்ந்தது.

1916 ஆகஸ்ட் 29 அன்று ஹிண்டன்பர்க் படைத் தலைவரானார். அவருக்குத் துணையாக லுடென்டார்ஃப் வந்தார். ஹிண்டன்பர்கின் செல்வாக்கைப் புரிந்துகொள்ள பெர்லினில் 1915இல் வைக்கப்பட்ட அவருடைய மரச்சிலையைப் பார்க்க வேண்டும். சுமார் 12 மீட்டர் உயரம். போர் நிதிக்குக் காசு கொடுத்து, மக்கள் அதில் ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்டவர் பதவி விலகினால் கைசரின் சிம்மாசனமே ஆடிப்போகும். ஹிண்டன்பர்கும் லுடென்டார்ஃபும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

1917 ஜனவரி 9, அப்போது படைத் தலைமையகம் இருந்த பிளெஸ் அரண்மனை. நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டுப்பாடின்றித் தாக்கினால் ஐந்தே மாதங்களில் பிரிட்டன் பணியும் என்று கடற்படை கணக்குக் காட்டியது. அமெரிக்கா போருக்கு வந்துவிடும் என்று அஞ்சிய சான்சலர் பெத்மான் ஹோல்வெக் கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. கணக்குப் போட்டவர்கள் பதவியில் நீடித்தார்கள்; எச்சரித்தவர்தான் வெளியேறினார். ஜூலையில் ஹிண்டன்பர்கும் லுடென்டார்ஃபும் "அவர் இருந்தால் நாங்கள் இல்லை" என்ற நிலையெடுக்க, 13ஆம் தேதி பெத்மான் விலகினார். 1918 ஜூலையில் வெளியுறவுச் செயலர் கூல்மானுக்கும் அதே கதி. படைபலத்தால் மட்டும் போர் முடியாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். அவர் சொன்னது முழு உண்மை.

இந்தப் பொறியமைப்பில் அதிகாரம் ஒரு திசையிலும் பொறுப்பு வேறொரு திசையிலும் ஓடின. 1918 செப்டம்பர் 29 அன்று, தலைமையகம் இருந்த பெல்ஜியத்தின் ஸ்பா நகரில், உடனே போர்நிறுத்தம் வேண்டும் என்று வற்புறுத்தியவர் லுடென்டார்ஃபே. ஆனால் அதைக் கேட்டுப் பெறும் வேலை நாடாளுமன்ற ஆதரவுடன் அமையும் புதிய அரசின் தலையில் விழுந்தது. நவம்பர் 11 அன்று பிரான்ஸின் கொம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில், ஜெர்மன் குழுவின் தலைவராகக் கையெழுத்திட்டவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. ஓராண்டு கழித்து, படையை உள்நாட்டினரே முதுகில் குத்திவிட்டார்கள் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் ஹிண்டன்பர்க் வாக்குமூலம் கொடுத்தார். 1921 ஆகஸ்டில் எர்ஸ்பெர்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1925இல் ஹிண்டன்பர்க் குடியரசுத் தலைவரானார்.