8 மடங்கு பத்தலையாம், 12 வேணுமாம்

போன வாரம் ஒரு டிக்கெட், அதாவது ஆப்ல இதைச் சரி பண்ணுங்கன்னு வர்ற கோரிக்கை. "படத்து மேல மவுஸ் வெச்சா வர்ற பூதக்கண்ணாடி மங்கலா இருக்கு, இப்ப 8 மடங்கு இருக்கு, தயவுசெஞ்சு 12 ஆக்கித் தரவும்." அவ்ளோதான். படிச்சிட்டு லேப்டாப்பை மூடி வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இந்த வருஷத்துல மட்டும் இது நாலாவது. வேற வேற டீம், வேற வேற ஆப், எழுதினதும் வேற வேற ஆளு, ஆனா தப்பு மட்டும் அச்சு அசலா ஒண்ணேதான்.

விஷயம் என்னன்னா, ஸ்கேன் பண்ண படிவங்களைத் திரையில பாத்து அதுல இருக்குற நம்பரை டைப் பண்றவங்களுக்கான ஸ்க்ரீன் அது. யாரோ ஒருத்தர் 3-ஐ 8-னு அடிச்சிட்டாங்க. வழக்கம்போல அடிச்சவங்க மேல பழி, "கவனமா பாக்கணும்ல". எனக்கு சந்தேகம் வந்து அந்த லென்ஸுக்குள்ள, அதான் அந்தப் பூதக்கண்ணாடிக்குள்ள, எந்தப் படம் போகுதுன்னு பாத்தேன். தம்ப்நெயில், அதாவது சுருக்கி வெச்ச குட்டிப் படம். 620 பிக்சல் அகலம். ஒரிஜினல் ஸ்கேன் சர்வர்ல 2480-க்கு 3508-ல, ஏ4 தாளை 300 டிபிஐ-ல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணா வர்ற அளவுல, ஜம்முனு உக்காந்திருக்கு, யாரும் அதைக் கூப்பிடவே இல்ல. திரையில ஏற்கனவே இருக்குற அதே குட்டிப் படத்தை பேக்கிரவுண்டா வெச்சு, பேக்கிரவுண்ட் சைஸை 8 மடங்கு பண்ணிட்டு "மேக்னிஃபையர் ரெடி"ன்னு அனுப்பிட்டாங்க.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. 10 பாயிண்ட் எழுத்துல அச்சான ஒரு இலக்கம் சுமாரா 7 பாயிண்ட் உயரம் இருக்கும், 72 பாயிண்ட் ஒரு அங்குலம். 300 டிபிஐ ஸ்கேன்ல அது 29 பிக்சல் உயரம், நல்லாவே தெரியும். 620 அகலத்துக்குச் சுருக்கின தம்ப்நெயில்ல அதே இலக்கம் 7 பிக்சல். ஏழே ஏழு! அந்த சைஸ்ல 3-க்கும் 8-க்கும் நடுவுல இடது பக்கம் இருக்குற மூணு நாலு பிக்சல்தான் வித்தியாசம். அதுக்கு மேல ஜேபெக் வேற, படத்தைச் சின்ன ஃபைலா அமுக்குற முறை. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டித்தான் அமுக்கும், நம்ம இலக்கம் மொத்தமும் ஒரு சில கட்டத்துக்குள்ள அடங்கிப் போயிடுது, சுத்தியிருக்குற அழுக்கும் அதுகூட சேந்து குழம்பிடும். இதைப் பாத்து 3-னு சொன்னாலும் அது அதிர்ஷ்டம்தான், 8-னு சொன்னாலும் அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

இங்கதான் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை, எத்தனை தடவை சொன்னாலும் போக மாட்டேங்குது: ஜூம் நம்பரை ஏத்துனா தெளிவு ஏறும்னு. கையில வெச்சுப் பாக்குற நிஜ பூதக்கண்ணாடியால வந்த வினை இது. தாள்ல நுணுக்கமா மை இருக்கு, நம்ம கண்ணால பிரிச்சுப் பாக்க முடியல, கண்ணாடி அதைப் பெருசாக்கி கண்ணுக்குக் கொண்டு வருது, அங்க பாக்குறதுக்கு சரக்கு இருக்கு. திரையில இருக்குற படத்துல பிக்சலுக்கு உள்ள என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஒரு பிக்சல்னா ஒரு நிறம், முடிஞ்சுது. 8 மடங்கு பண்ணா அந்த ஒரு பிக்சல் 64 ஆகுது, அதுல ஒண்ணுதான் படத்துல இருந்து வந்தது, மிச்ச 63-உம் பக்கத்துல இருக்குறதைப் பாத்து பிரவுசர் போட்ட உத்தேசம். இப்படி உத்தேசம் போடுற முறையில பைலீனியர்னா பக்கத்து 4 பிக்சலைப் பாக்கும், பைக்யூபிக்னா 16-ஐப் பாக்கும், எப்படிப் பாத்தாலும் உத்தேசம் உத்தேசம்தான். 12 ஆக்குனா 144-ல 143 உத்தேசம். இதைத்தான் அந்த டிக்கெட்ல "தயவுசெஞ்சு"ன்னு போட்டுக் கேட்டிருந்தாங்க.

அப்போ லென்ஸுக்கு என்ன வேலைன்னு கேட்டா, பெரிய படத்தைத் திரைக்காகச் சுருக்கிக் காட்டும்போது நாம மறைச்ச பிக்சலை அந்த ஒரு இடத்துல மட்டும் திருப்பிக் காட்டுறது. 2480 இருக்குறதை 620-ல காட்டுறீங்க, நாலு மடங்கு மறைச்சு வெச்சிருக்கீங்க, அதனால நாலு மடங்கு வரைக்கும் லென்ஸ் புதுசா எதையாவது காட்டும். நாலே கால்ல இருந்து வெறும் ஊதுறதுதான்.

இதுலயும் ஒரு குழி இருக்கு, அனுபவசாலிங்களே விழுவாங்க. அந்த நாலு சாதா மானிட்டருக்கு. டிவைஸ் பிக்சல் ரேஷியோ, அதாவது கோடுல எழுதுற ஒரு பிக்சல் அகலத்துக்குத் திரை எத்தனை நிஜ பிக்சல் போடுதுங்கிற எண், 2-ஆ இருக்குற லேப்டாப்ல நீங்க சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்தை எழுதுற மொழி) எழுதுற 620 பிக்சல் நிஜத்துல 1240, அதனால மிச்சம் இருக்குறது ரெண்டு மடங்குதான். ஃபார்முலா சின்னது: படத்தோட உண்மையான அகலத்தை, திரையில காட்டுற அகலம் பெருக்கல் டிவைஸ் பிக்சல் ரேஷியோவால வகுங்க. வர்றதுதான் உங்க லிமிட். கோடுல "ஜூம் சமம் 4"-ன்னு கையால எழுதி வெக்காதீங்க, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு திரைக்கும் கணக்குப் பண்ணுங்க, ஒரு வரிதான். இன்னொண்ணு, சோர்ஸ்செட் (ஒரே படத்துக்குப் பல சைஸ் ஃபைல் கொடுக்குறது) போட்டு வெச்ச படத்துல நேச்சுரல்வித் (படத்தோட சொந்த அகலம்) கேட்டா அது ஃபைல்ல இருக்குற பிக்சலைச் சொல்லாது, டென்சிட்டியால, அதாவது அந்த ஃபைல் எத்தனை மடங்கு திரைக்குங்கிற எண்ணால, வகுத்ததைச் சொல்லும். எனக்கே இது தெரிய ரொம்ப நாளாச்சு, ஒரு ராத்திரி முழுக்க போச்சு அதுல. லென்ஸுக்குன்னு தனியா ஒரு இமேஜ் ஆப்ஜெக்ட் உருவாக்கி, ஒரிஜினலை நேரா அதுல லோட் பண்ணி, அதுகிட்ட அகலம் கேளுங்க.

லிமிட்டைத் தாண்டக் கூடாதான்னா, தாராளமா தாண்டலாம். பார்வை குறைவா இருக்குறவங்களுக்கு புது விவரம் வரலைன்னாலும் எழுத்து பெருசானாலே உதவிதான், அதைத் தடுக்காதீங்க. ஆனா தாண்டினதும் ஸ்மூத்திங்கை, அதாவது பிரவுசர் தடவி விடுற வழுவழுப்பை, ஆஃப் பண்ணிடுங்க. கேன்வாஸ்ல (கோடு வழியா படம் வரையுற பரப்பு) இமேஜ் ஸ்மூத்திங் எனேபிள்டை ஃபால்ஸ் பண்ணா போதும், சிஎஸ்எஸ்னா இமேஜ் ரெண்டரிங்கை பிக்சலேட்டட்னு வெச்சா போதும். கட்டம் கட்டமா அசிங்கமா இருக்கும், டிசைனர் திட்டுவாங்க, திட்டட்டும். கட்டம் தெரிஞ்சா பாக்குறவங்களுக்கு "ஓ, இதுக்கு மேல இங்க ஒண்ணும் இல்ல"ன்னு புரிஞ்சிடும், வழுவழுன்னு தடவி விட்டா இன்னும் கொஞ்சம் ஏத்துனா தெளிஞ்சிடும்போலன்னு நம்பி 12 கேப்பாங்க.

இந்த இடத்துல யாராவது ஒருத்தர் மீட்டிங்ல கை தூக்கி "ஏஐ வெச்சு அப்ஸ்கேல் பண்ணி தெளிவாக்கிடலாமே"ன்னு சொல்லியே தீருவாங்க. 2020-ல பல்ஸ்னு ஒரு மாடல், டியூக் யுனிவர்சிட்டியில பண்ணது, கட்டம் கட்டமா இருக்குற முகத்தைத் தெளிவான முகமாக்கித் தரும். அதுக்கு ஒபாமாவோட மங்கலான படத்தைக் கொடுத்தப்போ ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தந்துச்சு, நெட்டு முழுக்க அதான் பேச்சு. அது பொய் சொல்லணும்னு சொல்லல, அந்த மங்கல் கட்டத்துக்குப் பொருந்தக்கூடிய ஏதோ ஒரு முகத்தைச் செஞ்சு கொடுத்துச்சு. நம்ம 7 பிக்சல் இலக்கத்தை எழுத்துக்குன்னு இருக்குற அதே மாதிரி மாடல்கிட்ட கொடுத்தா பளிச்சுனு, கூரா, அழகா ஒரு 8 வந்தாலும் வரும், அது 3-ஆ இருந்திருந்தாலும். மங்கலா இருந்தவரைக்கும் சந்தேகமாவது வந்துச்சு, இனி அதுவும் வராது. வால்பேப்பருக்கு வெச்சுக்கோங்க, நம்பர் படிக்க, எக்ஸ்ரே பாக்க, கையெழுத்து ஒப்பிட மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

அடுத்தது குறி தப்புறது. மவுஸ் ஒரு இடத்துல, லென்ஸ்ல தெரியறது வேற இடம். படிவத்துல மேல ஒரு நம்பர் கீழ ஒரு நம்பர்னு இருந்தா இது மங்கலை விட மோசம், தெளிவாவே தப்பான வரியைக் காட்டும். பாதிக்குப் பாதி காரணம் பேஜ்எக்ஸையும் (பக்கத்தோட ஆரம்பத்துல இருந்து மவுஸ் இருக்குற தூரம்) கிளையண்ட்எக்ஸையும் (திரையில தெரியுற பகுதியோட ஓரத்துல இருந்து தூரம்) கலந்தது. படம் எங்க இருக்குன்னு சொல்ற கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட் தர்றது வியூபோர்ட்ல (அந்தத் தெரியுற பகுதி) இருந்து அளந்த எண், பேஜ் கணக்குல இருந்து அதைக் கழிச்சா ஸ்க்ரோல் பண்ணாத வரைக்கும் சரியா வரும், டெவலப்பர் ஸ்க்ரோல் பண்ணாமலே டெஸ்ட் பண்ணியிருப்பாரு, மீதிக் கதை உங்களுக்கே தெரியும். படத்தோட பார்டரும் பேடிங்கும் (சுத்தியிருக்குற கோடும் உள் இடைவெளியும்) இன்னொரு ரெண்டு மூணு பிக்சல் தள்ளும், அது 4 மடங்கு லென்ஸ்ல 12 பிக்சலா தெரியும். ஆப்ஜெக்ட் ஃபிட்டை கன்டெய்ன்னு, அதாவது பெட்டிக்குள்ள படம் முழுசா அடங்குற மாதிரி, வெச்சிருந்தா சுத்தியிருக்குற வெத்து இடத்தையும் கழிக்கணும், இதை யாருமே கழிக்கிறதில்ல. எல்லாத்தையும் கழிச்சிட்டு 0-ல இருந்து 1-க்குள்ள ஒரு விகிதமா மாத்திக்கோங்க, அப்புறம் ஒரிஜினல் அகலத்தால பெருக்குங்க, லென்ஸ் அகலத்துல பாதியைக் கழிங்க. விகிதமா வெச்சுக்கிட்டா விண்டோ சைஸ் மாறுனாலும் குழப்பம் வராது.

லென்ஸ் மினுக்கு மினுக்குன்னு வந்து வந்து போகுதா? லென்ஸே கர்சருக்கு அடியில வந்து நின்னு மவுஸைப் பிடுங்கிக்குது, படம் "மவுஸ் போயிடுச்சு"ன்னு நினைச்சு லென்ஸை மறைக்குது, மறைச்சதும் மவுஸ் திரும்ப வருது. லென்ஸுக்கு பாயின்டர் ஈவென்ட்ஸை "நன்" (none)னு கொடுங்க, மவுஸ் அதைக் கண்டுக்காது, தீந்துது. இதுக்கு செட்டைம்அவுட் (கொஞ்ச நேரம் கழிச்சு ஓட விடுறது) வெச்சு சரி பண்ண கோடை நான் ரிவ்யூ பண்ணியிருக்கேன். வேணாம், அதைப் பத்திப் பேசினா பிபி ஏறும்.

போன்ல விரலுக்கு அடியிலயே லென்ஸை வெச்சா என்னத்தைப் பாக்குறது? விரலுக்கு மேல தூக்கி வைங்க, திரையோட மேல் ஓரம் வந்துட்டா பக்கவாட்டுல தள்ளுங்க. டச் ஆக்ஷனை (விரல் இழுத்தா பிரவுசர் என்ன செய்யணும்ங்கிறது) "நன்"னு வெக்க மறந்தா பக்கமே கூட சேந்து நகரும். ஆனா அதை லென்ஸ் ஆன்ல இருக்கும்போது மட்டும் வைங்க, எப்பவுமே வெச்சா படத்து மேல கை வெச்சவங்க ஸ்க்ரோல் பண்ண முடியாம மாட்டிப்பாங்க. அப்புறம் லென்ஸ் இருக்கேன்னு சொல்லி வியூபோர்ட்ல யூசர் ஸ்கேலபிள் நோன்னு போட்டு ரெண்டு விரலால பெருசாக்குற பின்ச் ஜூமை அடைக்கிறவங்களை என்ன பண்றதுன்னே தெரியல. மவுஸ் பிடிக்க முடியாதவங்களும் இருக்காங்க, ஆரோ கீ வெச்சு லென்ஸை நகர்த்தவும் எஸ்கேப் அடிச்சா மறையவும் வழி வைங்க, 20 வரி கூட வராது.

ஒரிஜினலை எடுங்கன்னு சொன்னேன்னு பக்கம் திறந்ததுமே எல்லா ஒரிஜினலையும் இழுத்துடாதீங்க. ஃபைல் 1 எம்பி-யா இருக்கும், ஆனா பிரவுசர் பிரிச்சு மெமரியில வெக்கும்போது பிக்சலுக்கு 4 பைட், 2480 பெருக்கல் 3508-க்கு கிட்டத்தட்ட 35 எம்பி ஒரே படத்துக்கு. பத்து படம்னா 350. மவுஸ் உள்ள வந்ததும் லோட் பண்ணுங்க, அப்படிப் பிரிச்சு முடியற வரைக்கும் லென்ஸ்ல "லோட் ஆகுது"ன்னு எழுதுங்க. அந்த இடைவெளியில தம்ப்நெயிலை ஊதிக் காட்டி சமாளிக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம், நெட் ஸ்லோவா இருக்குறவங்க அதைப் பாத்தே நம்பரை அடிச்சிட்டுப் போயிடுவாங்க.

டெஸ்ட் பண்ண ஒரு படம் வெச்சிருக்கேன், நீங்களும் செஞ்சுக்கோங்க. 2480-க்கு 3508 வெள்ளைப் படம், நாலு மூலையிலயும் நடுவுலயும் சிவப்புல ஒரே ஒரு பிக்சல், பக்கத்துல 7 பிக்சல் உயரத்துல, அழுக்கும் ஜேபெக் அமுக்கலும் இல்லாம கூரா வரைஞ்ச 3, 8, 6, 0. அதை உங்க ஸ்க்ரீன்ல ஏத்தி, பாதி ஸ்க்ரோல் பண்ணிட்டு, பிரவுசர் ஜூமை 125 சதவீதம் ஆக்கிட்டு, லென்ஸை மூலைக்குக் கொண்டு போங்க. சிவப்புப் புள்ளி லென்ஸ் நடுவுல நிக்கணும், நாலு இலக்கமும் வேற வேறயா தெரியணும். தெரியலைன்னா எனக்கு ரிவ்யூவுக்கு அனுப்பாதீங்க.

லென்ஸுக்கு ஒரிஜினலைக் கொடுத்து, ஜூமை 4-க்கு இறக்கி அந்த டிக்கெட்டை மூடினேன். ரெண்டு நாள் கழிச்சு அதே ஆளு கமெண்ட் போட்டிருந்தாரு: "12 ஆக்கினதுக்கு நன்றி, இப்ப சூப்பரா தெரியுது."