வானலை அடையாள வில்லை: 'ஆர்.எஃப்.ஐ.டி டேக்' என்ற சொல்லும் அதன் சந்தையும்

புதுச் சட்டையில் தொங்கும் விலை அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில அட்டைகளுக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு பாம்புபோல் வளைந்து நெளிந்து போகும். அதன் நடுவே மணல்துகள் அளவில் ஒரு கரும்புள்ளி இருக்கும். கோடு ஆன்டெனா, புள்ளி சிப். பேட்டரி கிடையாது. தன் அடையாள எண்ணை ரேடியோ அலையில் சொல்லும் இதுதான் ஆர்.எஃப்.ஐ.டி டேக். 'ரேடியோ ஃபிரீக்வென்சி ஐடென்டிஃபிகேஷன்' என்பதன் சுருக்கம்தான் ஆர்.எஃப்.ஐ.டி.

இதன் சந்தை பற்றிய தமிழ்ச் செய்திகளில் 'ஆர்.எஃப்.ஐ.டி குறிச்சொல்' என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. இணையக் கட்டுரையின் அடியில் போடும் டேக் ஒரு சொல், அதனால் அது குறிச்சொல். சட்டையில் தொங்குவது சொல் அல்ல, பொருள். ஆங்கிலத்திலும் 'டேக்' பிறந்தது துணியோடுதான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆடையிலிருந்து தொங்கும் சிறு துண்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. முள், கூர்முனை என்று பொருள்படும் ஸ்காண்டிநேவியச் சொல் ஒன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. பெயர்ச்சீட்டு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது.

அடுத்தது 'ரேடியோ'. கதிர் என்று பொருள்படும் 'ரேடியஸ்' என்ற இலத்தீன் சொல்தான் மூலம். ஆனால் மூலத்தை மட்டும் பார்த்து 'கதிரியக்க அடையாளம்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். கதிரியக்கம் என்பது அணுக்கரு சிதைவு, அதற்கும் இந்த அட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வானொலியில் இருக்கும் 'வான்' இங்கும் பொருந்துகிறது, ஆகவே வானலை. 'ஃபிரீக்வென்சி'யை அலைவரிசை என்று எழுதுவதும் பரவலாக இருக்கிறது. ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்ற எண் அதிர்வெண்; ஒளிபரப்புக்கு ஒதுக்கிய தடம் அலைவரிசை. பெயரில் அதிர்வெண்ணையும் சேர்த்து நீட்ட வேண்டியதில்லை, வானலை என்றாலே போதும்.

'டேக்' என்பதற்கு என் தேர்வு வில்லை. பணியாளர் மார்பில் அணியும் அடையாளத் தகடும் வில்லைதான், ஆவணத்தில் ஒட்டும் முத்திரைச்சீட்டும் வில்லைதான். இந்தப் பொருளோ இரண்டு வேலையையும் செய்கிறது: ஒட்டிக்கொள்கிறது, இன்னார் என்றும் சொல்கிறது. லென்சையும் வில்லை என்று எழுதுவதால் குழப்பம் வராதபடி 'அடையாள வில்லை' என்று முழுதாகச் சொல்வது நல்லது.

அடையாளம் என்ற சொல்லுக்கு இங்கே தனிக் கனம் உண்டு. வழக்கமான பார்கோடு 'இது இந்த வகைச் சட்டை' என்பதோடு நின்றுவிடும். வில்லையோ 'இது இந்த ஒரு சட்டை' என்கிறது. சில்லறைப் பொருள்களுக்குப் பரவலாக உள்ள 96 பிட் எண்ணில் 38 பிட் வரிசை எண்ணுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதாவது ஒரே வகைப் பொருளில் 27,000 கோடிக்கு மேற்பட்ட உருப்படிகளைத் தனித்தனியே எண்ணிட முடியும்.

எதிரொளித்த அலையைக் கொண்டு செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். நினைவகம் கொண்ட, பேட்டரியில்லாத வில்லைக்கு மரியோ கார்டுல்லோ 1973இல் காப்புரிமை பெற்றார். ஆர்.எஃப்.ஐ.டி என்ற சுருக்கத்தைச் சார்லஸ் வால்டனின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். சந்தை என்று சொல்லத்தக்க நிலை 2003க்குப் பிறகுதான் வந்தது. அந்த ஆண்டு வால்மார்ட் தன் முதல் 100 வழங்குநர்களைப் பெட்டிகளிலும், அவற்றை அடுக்கும் சரக்குத் தட்டுகளிலும் (பேலட்) வில்லை ஒட்டச் சொன்னது. கெடு 2005 ஜனவரி. அவசரத்தில் ஒட்டிய வில்லைகளைச் சரியாகப் படிக்க முடியவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. 2004 இறுதியில் வந்த 'ஜென்-2' பொதுத் தரம்தான் அடித்தளம் போட்டது.

இனிச் சந்தைக்கு வருவோம். அறிக்கைக்கு அறிக்கை தொகை ஏன் மாறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. விடை பெரும்பாலும் சொல்லிலேயே இருக்கிறது. ஒருவர் சிப்பை மட்டும் எண்ணுகிறார். ஒருவர் படலத்தின்மேல் ஆன்டெனாவும் சிப்பும் சேர்ந்த 'இன்லே'யை எண்ணுகிறார். இன்னொருவர் தாளும் பசையும் சேர்த்து அச்சிட்ட முழு வில்லையை எண்ணுகிறார். மற்றொருவர் படிப்பான் (வில்லையைப் படிக்கும் கருவி), மென்பொருள், நிறுவும் கூலி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்.

அதிர்வெண்ணும் கணக்கை மாற்றும். கால்நடைகளின் காது வில்லை 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. பயண அட்டையும் நூலகப் புத்தக வில்லையும் 13.56 மெகாஹெர்ட்ஸ். துணிக்கடை வில்லை 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. கடைசி வகை எண்ணிக்கையில் மலைபோல் குவிகிறது, ஆனால் மொத்தமாக வாங்கினால் ஒன்றின் விலை சில அமெரிக்க சென்ட்தான். பேட்டரியோடு வரும் வில்லை எண்ணிக்கையில் குறைவு, விலையில் பல டாலர். ஆகவே எண்ணிக்கை இருமடங்கானால் பணமும் இருமடங்காகும் என்று நினைக்கக் கூடாது.

எண்ணிக்கை வளர்ச்சி உண்மையிலேயே பெரிது. 860–960 வகைச் சிப்புகள் மட்டும் 2021இல் உலகெங்கும் 2,800 கோடி அளவில் அனுப்பப்பட்டன. 2024இல் 5,000 கோடியைத் தாண்டின. பெரும்பங்கு துணிமணிக்கு. கையால் எண்ணும் கடைகளில் இருப்புப் பதிவு 65 சதவீத அளவுக்கே சரியாக இருக்கும், வில்லை வந்தால் 95க்கு மேல் போகும். இணையத்தில் கேட்ட சட்டையைக் கடை அலமாரியிலிருந்தே எடுத்து அனுப்ப இந்தத் துல்லியம் வேண்டும். துணிக்கு அடுத்து விமானப் பயணப்பை, டயர், மருந்து, பார்சல் என்று பரவுகிறது. இந்த வகைச் சிப்புகளில் பெரும்பகுதி இம்பிஞ்ச், என்.எக்ஸ்.பி என்ற இரண்டே நிறுவனங்களிடமிருந்து வருகிறது. எதிர்காலக் கணிப்புகளைப் படிக்கும்போது நான் முதலில் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 2021–22 சிப் தட்டுப்பாட்டில் தேவை இருந்தும் சரக்கு கிடைக்கவில்லை.

இன்னொரு தடை இயற்பியல். வில்லைக்கு உணவே படிப்பான் அனுப்பும் அலை. இன்றைய நல்ல சிப் விழிக்க ஏறக்குறைய 4 மைக்ரோவாட் போதும், ஆனால் அந்தத் துளியும் வந்து சேர வேண்டும். உலோகத்தில் நேரடியாக ஒட்டினால், பட்டுத் திரும்பும் அலை வரும் அலையை மேற்பரப்பிலேயே அழித்துவிடுகிறது; ஆன்டெனாவின் இசைவும் விலகுகிறது. இடையில் சில மில்லிமீட்டர் நுரை அடுக்கு கொண்ட, உலோகத்தில் ஒட்டுவதற்கான வில்லைதான் வழி, அதன் விலை பலமடங்கு. தண்ணீர் அலையை விழுங்கும். அதனால் குப்பியின் வயிற்றில் ஒட்டாமல், காற்று இருக்கும் கழுத்தில் ஒட்டுவார்கள். மெல்லிய பொருள்களை அடுக்கி வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், ஒன்று மற்றொன்றை மறைக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். பொருளில் வில்லையை ஒட்டி, படிப்பானை 30 டெசிபல்-மில்லிவாட்டில், அதாவது 1 வாட்டில் வையுங்கள். ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகும். ஆகவே 27இலேயே படிப்பது நின்றுவிட்டால், பாதித் திறன் குறைந்ததுமே வில்லை மௌனமாகிவிட்டது என்று பொருள். கிடங்கில் ஆள் குறுக்கே வந்தாலே அது விட்டுப்போகும். 18 வரை படித்தால் நம்பி ஒட்டலாம். மாறாக, பக்கத்து அலமாரிச் சரக்கும் சேர்ந்து படிக்கப்படுகிறது என்றால் திறனைக் குறைக்க வேண்டும், அல்லது இடையில் உலோகத் தடுப்பு வைக்க வேண்டும்.

இதைவிட அமைதியாகக் கெடுக்கும் தவறு குறியேற்றத்தில், அதாவது வில்லைக்குள் எண்ணை எழுதும் இடத்தில் நடக்கிறது. இரண்டு அச்சுப்பொறிகள் இரண்டும் வரிசை எண்ணை 1இலிருந்து தொடங்கினால், இரண்டு சட்டைகளுக்கு ஒரே அடையாளம் வந்துவிடும். படிப்பான் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். வில்லை நன்றாக இருக்கும், ஆன்டெனா நன்றாக இருக்கும், இருப்பு மட்டும் குறையும். ஒவ்வொரு அச்சுப்பொறிக்கும் தனி எண் வரம்பு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் சிப் ஆலையிலேயே பொறிக்கப்பட்டு வரும் தனி எண்ணிலிருந்து வரிசை எண்ணை உண்டாக்க வேண்டும்.