கைகள் வேகம் குறையும் கணம்

1971 பிப்ரவரி 6 அன்று அப்போலோ 14 விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் நிலாவில் நின்று இரண்டு கோல்ஃப் பந்துகளை அடித்தார். மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் சிக்ஸ் அயர்ன் என்ற கோல்ஃப் மட்டையின் தலையைப் பொருத்தி வைத்திருந்தார். இரண்டாவது பந்து மைல் கணக்கில் போகிறது என்று உற்சாகமாகச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பயணத்தின் படச்சுருள்களைத் துல்லியமாக்கி அளந்து பார்த்தபோது, அது போன தூரம் 40 கஜம், அதாவது சுமார் 37 மீட்டர்தான் என்று தெரிந்தது. முதல் பந்து 24 கஜத்தோடு நின்றுவிட்டது.

நிலாவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. தடுக்கக் காற்றும் கிடையாது. ஒரு தொழில்முறை வீரர் தொலைவுக்கு அடிக்கும் டிரைவ் அடிக்கு உள்ள வேகத்திலும் கோணத்திலும் அங்கே பந்து கிளம்பினால், கணக்குப்படி 1,300 மீட்டரைத் தாண்டிப் பறக்கும். ஷெப்பர்டுக்குக் கோல்ஃப் தெரியும். ஆனால் காற்றழுத்தம் ஏற்றிய விண்வெளி உடை அவரைத் திரும்ப விடவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் ஒரே கையால் வீசினார். இடுப்பும் தோளும் அசையவில்லை, காலால் தரையை உந்தவும் வழியில்லை. கையை மட்டும் நம்பினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு சோதனையை நான் அறியேன்.

பூமியில், விண்வெளி உடை எதுவும் இல்லாமலே, நம்மில் பலர் அப்படித்தான் அடிக்கிறோம். பயிற்சித் திடலில் சற்று நேரம் நின்றால் போதும். புஜம் பெருத்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு வீசுவார், பந்து வலப்பக்கம் வளைந்து பாதி தூரத்தில் விழும். பக்கத்தில் ஒல்லியான ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் திரும்புவார், பந்து அவருடையதைவிட முப்பது மீட்டர் தள்ளிப் போய் விழும். இந்த வேறுபாடு திறமையின் மாயம் அல்ல. இயற்பியலில் இதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது.

முதலில் மோதலைப் பார்ப்போம். தொலைவுக்கு அடிக்கும் டிரைவர் என்ற மட்டையின் (கிளப்பின்) தலை ஏறக்குறைய 200 கிராம். பந்து விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் அரை மில்லிநொடி, அதாவது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, பறந்துவிடுகிறது. அந்த அரை மில்லிநொடியில் பந்தின் மேல் விழும் சராசரி விசை 600 கிலோ எடைக்கும் மேல். இதில் நம் கைக்கு எந்தப் பங்கும் இல்லை. கையில் கொடுக்கும் அழுத்தம் தண்டு வழியாகத் தலைக்குப் போய்ச் சேருமுன் பந்து கிளம்பியிருக்கும். மோதும் கணத்தில் கிளப்பின் தலை கையிலிருந்து கழன்று தனியாகப் பறந்து வந்து மோதினாலும் பந்தின் வேகம் அநேகமாக மாறாது. அடிக்கும் நேரத்தில் கூடுதலாக ஓர் அழுத்து அழுத்தலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

ஆக, பந்தின் வேகம் இரண்டைப் பொறுத்தது: தலை எவ்வளவு வேகமாக வந்தது, பந்தை மோதும் பரப்பான கிளப் முகத்தின் எந்த இடத்தில் பட்டது. விதிகள் அனுமதிக்கும் துள்ளலின் எல்லையை வைத்துக் கணக்கிட்டால், நடுவில் பட்ட பந்து கிளப்பின் வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். இந்த விகிதத்தைத்தான் ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். கிளப்பின் வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர் கூடினால், நன்றாகப் பட்ட பந்து சுமார் ஒன்றரை மீட்டர் கூடுதலாகப் போகும்.

அந்த வேகத்துக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? முன்னணி ஆண் வீரர்களின் டிரைவர் தலை மணிக்கு 180 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் பந்தைத் தொடுகிறது. 200 கிராம் பொருளுக்கு அந்த வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 250 ஜூல். டவுன்ஸ்விங், அதாவது கிளப்பைக் கீழே வீசும் கட்டம், நீடிப்பதோ கால் நொடிதான். கால் நொடியில் 250 ஜூல் என்றால் 1,000 வாட். கைகளையும் தண்டையும் அசைக்கத் தேவையான ஆற்றல் இதற்கு மேல். மணிக்கட்டிலும் முன்கையிலும் உள்ள சிறிய தசைகளால் இதைத் தர முடியாது. தொடை, பிட்டம், முதுகு, வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் எல்லாம் சேர்ந்தால்தான் முடியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய தசைகளுக்கு வலு அதிகம், ஆனால் அவை மெதுவானவை. இடுப்பை எவ்வளவு முயன்று திருப்பினாலும் அது மணிக்கு 180 கிலோமீட்டரில் சுழலப் போவதில்லை. கனமும் மெதுவுமான இடுப்பிலிருந்து இலேசும் வேகமுமான கிளப் தலைக்கு ஆற்றலைக் கடத்த ஒரு வழி வேண்டும். சாட்டை செய்வது அதைத்தான். கைப்பிடியை யாரும் ஒலியின் வேகத்தில் வீசுவதில்லை. இருந்தும் நுனி ஒலியின் வேகத்தை மிஞ்சி வெடிக்கிறது. ஈரத்துணியை உதறும்போதும் இதே கதைதான்: கை முன்னால் போய்ச் சட்டென்று நிற்கிறது, அதன் வேகத்தை நுனி வாங்கிக்கொள்கிறது.

நல்ல ஸ்விங்கில் உடல் அப்படித்தான் வேலை செய்கிறது. வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன். முதலில் இடுப்பு இலக்கின் பக்கம் திரும்பத் தொடங்குகிறது. அது உச்ச வேகத்தை எட்டிக் குறையும்போது மார்பு முந்துகிறது, மார்பு குறையும்போது கைகள், கைகள் குறையும்போது கிளப். ஒவ்வொரு கண்ணியும் தன் வேகத்தை அடுத்ததிடம் கொடுத்துவிட்டுத் தளர்கிறது. கிளப் பந்தைத் தொடும் கணத்தில் கைகள் தங்கள் உச்ச வேகத்தைக் கடந்து மெதுவாகிக்கொண்டிருக்கும். தொலைவு அடிக்க விரும்பும் ஒவ்வொருவரும் இதை மனதில் ஊன்றிக்கொள்ள வேண்டும் என்பேன், ஏனென்றால் நம் உள்ளுணர்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பந்து நெருங்க நெருங்கக் கையை விரைவாக்கு என்கிறது அது.

ஆனால் கையை வேண்டுமென்றே நிறுத்தக் கூடாது. கைகள் மெதுவாவதற்குக் காரணம், வெளியே விரிந்து பறக்கும் கிளப் அவற்றைப் பின்னுக்கு இழுப்பதுதான். அந்த இழுப்பு நடக்க விட வேண்டும், அவ்வளவே.

இயற்பியலாளர்கள் இதை இரட்டை ஊசலாகப் பார்க்கிறார்கள். தோளிலிருந்து தொங்கும் கை ஓர் ஊசல், மணிக்கட்டிலிருந்து தொங்கும் கிளப் இன்னொன்று. கீழே வரத் தொடங்கும்போது மணிக்கட்டு மடிந்து, கிளப் உடலை ஒட்டி இருக்கிறது. பனிச்சறுக்கு நடனக்காரர் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டால் எளிதாகச் சுழல்கிறாரே, அதேபோல் கிளப் ஒட்டியிருக்கும்வரை உடலுக்குச் சுழல்வது எளிது. கைகள் கீழே வந்து சேரும் தறுவாயில், சுழற்சியே கிளப்பை வெளியே வீசுகிறது. மணிக்கட்டு தானாக விரிகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். தூண்டில் வீசுவதுபோல் மேலேயிருந்தே மணிக்கட்டை விரித்துவிடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் இதைக் காஸ்டிங் என்பார்கள். விரிந்த கிளப்போடு சுழல்வது உடலுக்குப் பாரம். கிளப் தன் உச்ச வேகத்தைப் பந்துக்கு வெகு முன்னரே தொட்டுவிட்டு, பந்திடம் வரும்போது களைத்திருக்கும். தசைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: எவ்வளவு வேகமாகச் சுருங்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே அவற்றால் இழுக்க முடியும். கடைசிக் கட்டத்தில் கிளப் சுழலும் வேகம் மணிக்கட்டுத் தசைகளால் எட்ட முடியாதது. அங்கே இறுக்கிப் பிடித்துத் தள்ளினால் அது பிரேக் போட்டதாகவே முடியும். பிடியைத் தளர்த்து என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம். கிளப் நழுவாத அளவுக்குப் பிடி, மணிக்கட்டு கீல்போல ஆடும் அளவுக்குத் தளர்வு.

வரிசை காலில் தொடங்குகிறது. கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கில் அழுத்தம் வலக்காலுக்குப் போகும். கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, தேர்ந்தவர்களின் பாத அழுத்தம் இடக்காலுக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு முன்னால் திரும்ப, தோள்கள் இன்னும் பின்னாலேயே இருக்க, இரண்டுக்கும் நடுவே உள்ள தசைகள் ரப்பர்போல நீள்கின்றன. நீண்ட உடனே சுருங்கும் தசை, அசையாமல் இருந்து சுருங்கும் தசையைவிடக் கூடுதல் விசை தரும். மேலே போய் வெகுநேரம் நின்றுவிட்டால் இந்த ஆதாயம் கரைந்துவிடும்.

பிறகு இடக்கால் தரையை உந்துகிறது. அந்த உந்தல் சில கணங்கள் உடல் எடையைவிடப் பெரியது. மடங்கிய முழங்கால் நிமிர்கிறது, இடது இடுப்பு பின்னால் விலகுகிறது, சிலருக்குக் குதிகால்கூடத் தரையை விட்டு எழும்பும். இது வெறும் பாணி இல்லை. அந்த வேகத்தில் சுழலும் தலையைப் பாதையில் பிடித்து வைக்கவே சுமார் 33 கிலோ எடையைத் தாங்குவது போன்ற இழுவிசை வேண்டும். கவணைச் சுழற்றுபவர் கல்லுக்கு எதிராகச் சாய்வதுபோல உடல் கிளப்புக்கு எதிராக இழுக்கிறது. அப்படி உள்ளேயும் மேலேயும் இழுக்கும்போது, ஊஞ்சலில் சரியான நேரத்தில் எழுந்து நிற்பவருக்கு ஆட்டம் கூடுவதைப்போல, கிளப்புக்கு இன்னும் கொஞ்சம் வேகம் சேர்கிறது.

டவுன்ஸ்விங் கால் நொடி என்றேன். ஒன்றைக் கண்டு, உணர்ந்து, தசையைத் திருத்த நமக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும். ஆகவே நடுவழியில் திருத்தம் செய்ய வாய்ப்பில்லை. கீழே வரத் தொடங்குமுன் அமைந்ததுதான் அமைந்தது. வீரர்கள் பலரின் பேக்ஸ்விங் டவுன்ஸ்விங்கைப்போல் சுமார் மூன்று மடங்கு நேரம் எடுக்கும். அவசரப்பட்டால் இந்தத் தாளம் குலைந்து, இடுப்புக்கு முன் தோள் பாய்ந்துவிடும். அப்போது கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டும், அதன் முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருக்கும், பந்து வலப்பக்கம் வளையும். அதுதான் ஸ்லைஸ். பந்தைத் தேய்த்து அடிப்பதால் ஆற்றலின் ஒரு பகுதி வீண் சுழற்சியில் போய்விடுகிறது.

பந்து கிளம்பிய பிறகு நடப்பதும் எனக்கு ஓயாத வியப்புதான். முன்னணி ஆண் வீரர்களின் டிரைவ் சராசரியாக 11 டிகிரி அளவில் கிளம்பி, தரையைத் தொடுமுன் 250 மீட்டர் அளவுக்குப் பறக்கிறது. அதே வேகம், அதே கோணம், ஆனால் காற்றே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் சுமார் 220 மீட்டர்தான் வரும். பந்தின் எடையைப்போல் இரு மடங்கு விசையோடு பின்னால் இழுக்கும் அதே காற்று, அதைத் தூக்கியும் பிடிக்கிறது. பந்து நிமிடத்துக்கு 2,600 முறை அளவில் பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. கிளம்பிய புதிதில் இந்தத் தூக்குவிசை பந்தின் எடையையே மிஞ்சும்.

இதை முதலில் அவிழ்த்தவர்களில் ஒருவர் எடின்பரோ இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட். 1890களில் அவர் பந்தில் ஒரு நாடாவைப் பொருத்தி, அடித்த பின் நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியை அளந்தார். அவருடைய மகன் ஃப்ரெடி 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். வீட்டிலேயே சோதனைக்கு ஆள் இருந்தது! பந்தின் குழிகளுக்கும் இதில் பங்குண்டு. மரப்பாலில் செய்த பழைய கட்டாபெர்ச்சா பந்துகள் கீறலும் வடுவும் பட்ட பிறகு நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள்தான் முதலில் கவனித்தார்கள். சொரசொரப்பு, காற்றைப் பந்தின் பின்புறம்வரை ஒட்டி ஓட வைக்கிறது, இழுப்பு பெருமளவு குறைகிறது.

சுழற்சி அளவுக்கு மீறினால் பந்து பலூன்போல எழும்பி முன்னேறாமல் விழும். டிரைவருக்கு வேண்டியது உயரமான கிளம்பலும் குறைந்த சுழற்சியும். அதற்கு எளிய வழி, கிளப் தன் பாதையின் அடிப்புள்ளியைக் கடந்து சற்று மேலேறும்போது பந்தைத் தொடுவது. பந்தை இடக்குதிகாலுக்கு நேராக வைத்து, பந்தைத் தாங்கும் சிறு குச்சியான டீயை உயர்த்தி, பாதிப் பந்து கிளப்பின் தலைக்கு மேல் தெரியும்படி நிறுத்தினால் அது தானே அமையும். தொழில்முறைப் பெண் வீரர்கள் சராசரியாக 3 டிகிரி அளவுக்கு மேல்நோக்கி அடிக்கிறார்கள். ஆண்களைவிடக் கிளப் வேகம் குறைவாக இருந்தும் அவர்கள் எட்டும் தூரத்துக்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண ஆட்டக்காரர்கள் அவர்களைப் பார்த்துக் கற்பதே நல்லது என்று நினைக்கிறேன், நம் வேகம் அவர்களுடையதற்குத்தான் நெருக்கம். கிளப்பின் முகத்தில் நடுவுக்குச் சற்று மேலே பட்டால் சுழற்சி இன்னும் குறையும். எங்கே படுகிறது என்று அறிய, கிளப்பின் முகத்தில் கொஞ்சம் முகப்பூச்சுப் பவுடரைத் தூவி அடித்துப் பாருங்கள், தடம் தெரியும்.

பயிற்சிக்கு இரண்டைச் சொல்வேன். முதலாவது, இரு பாதங்களையும் சேர்த்து நின்று கிளப்பை மேலே கொண்டுபோவது. அது உச்சிக்குப் போய்ச் சேருமுன் இடக்காலை இலக்கின் பக்கம் எடுத்து வைத்து, பிறகு வீசுவது. கால் முந்தி, கை பிந்தி வருகிற வரிசையை உடல் சொல்லாமலே கற்றுக்கொள்ளும். முதலில் உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இந்த முறுக்கலின் சுமையை இடுப்பு முதுகு வாங்குகிறது.

இரண்டாவதற்குப் பந்தே தேவையில்லை. டிரைவரைத் தலைகீழாகத் திருப்பி, தலைக்கு அருகே தண்டைப் பிடித்து வீசுங்கள். காற்றைக் கிழிக்கும் 'விர்' ஓசை கேட்கும். அது எங்கே உரக்கக் கேட்கிறது என்று கவனியுங்கள். வலது தோளருகே கேட்டால் வேகம் முன்னதாகவே செலவாகிவிட்டது. பிடியைத் தளர்த்தி, இடுப்பை முந்த விட்டு, மீண்டும் வீசுங்கள். பந்து இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று இடப்பக்கம் அந்த ஓசை நகரும்வரை.