கரோக்கேயில் வெளுத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு கீபோர்ட்காரனின் வேண்டுகோள்

“நான் சரியாத்தான் பாடினன், பாண்ட்தான் பிழை விட்டது.”

திருவிழாக் காலம் தொடங்கினால் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு வார இறுதியும் கழிவதில்லை. வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை கிழக்கிலங்கையில் வாழைச்சேனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் ஏதாவது ஒரு கோயில் வீதியில் எங்கள் இசைக்குழுவுக்கு வேலை இருக்கும். நிகழ்ச்சி நடுவில் நிர்வாகசபையிலிருந்து ஒருவர் மேடையோரம் வந்து, “தம்பி, நம்மட ஊர்ப் பிள்ளைகள் ரெண்டு பேர் இருக்காங்க, ஆளுக்கொரு பாட்டு” என்பார். மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஊர்க்கோயில் மேடை ஊர்ப்பிள்ளைக்கு இல்லாமல் வேறு யாருக்கு? ஆனால் அண்மையில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மேடையில் நடந்ததற்குப் பிறகு இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

வந்த தம்பிக்கு நல்ல குரல். அதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லவேண்டும். ஒத்திகைக்கு அவர் வரவில்லை. “நூறு தரம் பாடின பாட்டு அண்ணன், கரோக்கே ட்ராக்கில அச்சொட்டா நிக்கும்” என்றார். முன்னிசை முடிய இன்னும் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) இருக்கும்போதே பல்லவியைப் பிடித்துவிட்டார். எங்கள் ஒக்டபேட் (மின் தாளவாத்தியம்) பொடியன் அதைக் காதில் வாங்கிய கணமே ஒரு உருட்டு உருட்டி முதலடியில் வந்து விழுந்தான். பேஸ் கிட்டாரும் கூடவே வந்தது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இடையிசையில்தான் வினை. புல்லாங்குழல்காரர் வாசித்து முடித்தார், பாடகர் தொடங்கவில்லை. இன்னொரு சுற்று வாசித்தோம். அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிகள் அதில் இருந்தன, நிறம்தான் மாறவில்லை. பிறகு மைக் வாயருகில் இருக்கும்போதே திரும்பி, “ஒழுங்கா அடிங்கடா” என்றார். ஊர் முழுக்கக் கேட்டது. இறங்கி வந்த பிறகு அவருடைய மாமா எங்களிடம், “என்னகா இது, வீட்ட பாடக்குள்ள நல்லாத்தானே பாடினான்” என்று முறைப்பாடு வேறு.

வீட்டில் நன்றாகத்தான் பாடியிருப்பார். ட்ராக்குக்குச் சரியாகப் பாடிவிட்டால் பாட்டு கைவந்துவிட்டது என்று நம்புகிறார்களே, அங்கேதான் கோளாறு. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கரோக்கே ட்ராக் உங்களுக்கு என்னென்ன செய்து தருகிறது? எங்கே தொடங்குவது என்று திரையில் எழுத்தின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது. வேகத்தை அதுவே தீர்மானிக்கிறது. பல ட்ராக்குகளில் நீங்கள் பாடவேண்டிய மெட்டையே ஒரு குழலோ மணிச்சத்தமோ மெல்லியதாகப் பின்னால் வாசித்துக்கொண்டிருக்கும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது, காது மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும். எக்கோவை அள்ளிப் போட்டிருப்பதால் சுருதி கொஞ்சம் இறங்கினாலும் மூடிவிடும். ஸ்மூல் மாதிரி ஆப்பில் பாடினால் விலகிய குரலைச் சுருதிக்கு இழுத்துவிட வசதி உண்டு, பிந்தி விழுந்த குரலை முன்னுக்கு நகர்த்தவும் வசதி உண்டு. பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். இவ்வளவுக்கும் பிறகு வெளியே வருவதுதான் நண்பர்கள் கைதட்டிய உங்கள் பதிவு. தொடக்கம், காலப்பிரமாணம், சுருதி எல்லாம் வேறொருவர் பொறுப்பில் இருந்தன. குரலும் உணர்ச்சியும் உங்களுடையவை. அவை சின்ன விசயமில்லை, ஆனாலும் மேடைக்குப் போதாது.

இன்னொன்று, நீங்கள் பிழைவிட்டால் ட்ராக் காட்டிக்கொடுக்காது. அது தன்பாட்டில் போகும். நீங்கள் அரை அடி பிந்தி, இரண்டு சொல்லை விழுங்கிவிட்டு, அடுத்த வரியில் ஏறிக்கொள்வீர்கள். நூறு தரம் பாடினால் அந்தப் பிழையும் நூறு தரம் பழகிவிடும். வாத்தியக்காரரோடு பாடும்போது நிலைமை வேறு. நீங்கள் பிந்தினால் நாங்கள் காத்திருப்போம், முந்தினால் ஓடிவருவோம். பாய்ந்து பிடிப்பதுதான் எங்கள் தொழில். ஆனால் பிடிக்க வருகிறவனை நீங்களும் கேட்கவேண்டும். நாங்கள் உங்களுக்காக வளைய, நீங்கள் மனதுக்குள் ஓடும் ட்ராக்குக்குப் பாட, நடுவில் பாட்டு கிழிகிறது.

இடையிசையையும் சொல்லவேண்டும். சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவில் வயலின்காரர்கள் வரிசையாக இருந்து வாசித்திருப்பார்கள். நாங்கள் ஐந்தாறு பேர். அவ்வளவு வயலினுக்கும் என் இடது கையோ வலது கையோதான். நீங்கள் “அந்த இடத்தில ஒரு சத்தம் வரும், அதுக்குப் பிறகு நான் எடுக்கிறது” என்று நம்பியிருக்கும் அந்தச் சத்தம் எங்களிடம் வராமலே போகலாம். ஆகவே சத்தத்தை அடையாளம் வைக்காமல் ஆவர்த்தனத்தை எண்ணப் பழகுங்கள். இடையிசையின் கடைசித் துண்டை வாயால் பாடத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. போனில் சுருதிப்பெட்டி ஆப்பை மட்டும் ஓடவிட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம்வரை பாடிப் பதிவுசெய்யுங்கள். இடையிசை வரும் இடங்களில் சும்மா நிற்காமல் அதையும் முணுமுணுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் சரணத்தில் வேகம் பிடித்து ஓடியிருப்பீர்கள். இதில் தேறியவர் எந்தக் குழுவோடும் பாடலாம். தேறாதவர் வெட்கப்படத் தேவையில்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே இசை படித்து வந்த பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், கொஞ்ச நாள் அவர்களிடம் இருந்து பழகலாம்.

இது நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. நம்மட வடமோடிக் கூத்தில், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? கூத்துக் களரியில் ஆடுகிறவர் களைத்து மூச்சு வாங்கினால் பிற்பாட்டுக்காரர் பாட்டை வாங்கிக்கொள்வார்கள். அவர் மறுபடி காலெடுத்து வைக்கும்வரை மத்தளம் அவரை விடாது. கூத்தாடியின் காதும் அண்ணாவியாரின் கையிலேயே இருக்கும். அதற்காக மாதக்கணக்கில் பழகுகிறார்கள். “ஒத்திகை வேணாம், நேரே களரிக்கு வாறன்” என்கிற கூத்தாடிக்கு அண்ணாவியார் என்ன பதில் சொல்வார் என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரோக்கேமேல் எனக்குக் கோபம் கிடையாது. 1971இல் ஜப்பானின் கோபே நகரில் அந்தப் பெட்டியைச் செய்து வாடகைக்கு விட்ட டைசுகே இனோவே எங்களைப் போலப் பக்கவாத்தியக்காரர்தான், வாடிக்கையாளர்கள் பாட வாசித்துப் பிழைத்தவர். தன்னோடு பயணம் வந்து வாசிக்கும்படி ஒரு வாடிக்கையாளர் கேட்க, போகமுடியாமல் இசையை நாடாவில் பதிந்து கொடுத்திருக்கிறார். அங்கே பிறந்த யோசனை இது. ஆள் வர முடியாத இடத்துக்குப் பெட்டி போனது, அவ்வளவுதான். காப்புரிமைகூட அவர் எடுக்கவில்லை. கலியாண வீட்டிலும் பாசிக்குடாச் சுற்றுலாவிலும் தாராளமாக ட்ராக் போட்டுப் பாடுங்கள், நானும் வந்து கைதட்டுகிறேன்.

அடுத்த தலையிடி “ஒரிஜினல் ஸ்கேல்”. எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி உயரம், என்று கேட்டால் “ஒரிஜினல்” என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் வருகிறது. ஒரிஜினல் என்பது அந்தப் பின்னணிப் பாடகரின் தொண்டைக்கு வைத்த உயரம், உங்களுடைய தொண்டைக்கு வைத்ததில்லை. கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2½ கட்டைக்குள்ளும், பெண்கள் 4½ முதல் 6 கட்டைக்குள்ளும் அவரவர் குரலுக்கேற்றபடி சுருதி வைக்கிறார்கள். வயது ஏற ஏறக் கட்டையைக் குறைத்துக்கொண்ட வித்துவான்களை எவரும் குறைத்து மதிப்பதில்லை. பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவிலேயே ஒருவர் என்னிடம், “சுருதி எண்டா ட்ராக்கில வாறதுதானே” என்றார். என்ன சொல்ல?

எனக்கு ஸ்கேல் மாற்றுவது ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துகிற வேலை. கிட்டார்காரர் கிட்டார்க் கழுத்தில் கேப்போ என்கிற கவ்வியைப் போடுவார், இல்லாவிட்டால் விரல் மாற்றிப் பிடிப்பார். புல்லாங்குழல்காரர் பாடுதான் பாடு. மூங்கிலில் துளை விழுந்தபோதே அந்தக் குழலின் சுருதி முடிவாகிவிட்டது. கட்டைக்கொரு குழலாகப் பையில் கட்டிக்கொண்டு வருகிறார். நீங்கள் மைக்கைப் பிடித்து முன்னிசையும் தொடங்கிய பிறகு “கொஞ்சம் குறைங்க” என்று கையைக் காட்டினால், இருட்டில் பைக்குள் தலையை விட்டு எந்தக் குழலைத் தேடுவார்? உங்கள் கட்டையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பாட்டின் உச்ச வரியை எடுத்து, கழுத்து நரம்பு புடைக்காமல் பாடமுடிகிற இடம் எது என்று பாருங்கள். கரோக்கே ஆப்களிலேயே சுருதியை ஏற்றி இறக்கும் வசதி உண்டு, மானப்பிரச்சினை என்று நினைத்தோ என்னவோ அதைத் தொடுவாரில்லை. உச்சத்தில் கத்திக் குரல் உடைவதில் மட்டும் மானம் மிஞ்சுகிறதா?

வயர் இல்லாத மைக் வந்ததிலிருந்து இன்னொரு கூத்து. பாடிக்கொண்டே இறங்கிக் கூட்டத்துக்குள் நடக்கிறார்கள். வீடியோவுக்கு அழகுதான். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். மேடைப் பெட்டிகளிலிருந்து 34 மீற்றர் தள்ளி நின்றால் எங்கள் அடி உங்கள் காதுக்குச் செக்கனில் பத்திலொரு பங்கு பிந்தித்தான் வரும். அந்தப் பிந்திய அடிக்கு நீங்கள் பாடுவீர்கள், அந்தக் குரல் மைக் வழியாக உடனே, மேடையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்த மொனிட்டர் பெட்டிக்கு வந்து சேரும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடியே அரைச் செக்கன்தான், அதில் ஐந்திலொரு பங்கு பின்னுக்கு நிற்கிறீர்கள். உங்களுக்காக நாங்கள் இழுக்க, அதைக் கேட்டு நீங்கள் இன்னும் இழுக்க, பாட்டு மணலில் புதைந்த தேர் மாதிரி ஆகிவிடும். ஆகவே கோயில் வாசல்வரை நடக்கவேண்டாம். மேடை விளிம்போடு நில்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டு, உங்கள் கட்டை, எத்தனை சரணம் என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல்லவியைக் குரல்பதிவாகப் பாடி அனுப்பினால் வேகமும் கட்டையும் அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒத்திகைக்கு வரமுடியாவிட்டால் மேடைக்குப் பின்னாலாவது வந்து ரிதம்காரருக்கு இரண்டு வரி பாடிக் காட்டுங்கள். போனைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். வரி மறக்கும் என்றால் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டில் வையுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் அது எல்லாப் பக்கச் சத்தத்தையும் வாங்கிக் கூவும், பிறகு சவுண்ட்ஸ்காரருக்கு ஏச்சு விழும். மொனிட்டர் பெட்டிக்கு நேரே மைக்கைத் தொங்கவிடாதீர்கள். இடையிசையில் கூட்டத்துக்குக் கையசைத்தது போதும், ஒருமுறை எங்களையும் திரும்பிப் பாருங்கள். தலையசைப்போம், தொடங்குங்கள். பாட்டில் இடம் தவறிவிட்டால் பதறி வாயில் வந்த வரியைப் பிடிக்காமல் பேசாமல் நில்லுங்கள், சுற்றி வந்து கூட்டிப்போவோம்.

பிழை யாருடையதாக இருந்தாலும் மேடையில் வாத்தியக்காரரை ஏசக்கூடாது. அன்றைக்கு அந்த ஒக்டபேட் பொடியனின் தாய் முன்வரிசையில் பாயில் இருந்தார்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். பென்ட்ரைவில் ட்ராக்கை ஓடவிட்டுக் கீபோர்டில் கையை மட்டும் அசைக்கிற குழுக்கள் நம் பக்கத்திலும் உண்டு. செலவு, ஆள் குறைவு என்று நியாயம் சொல்லலாம். பாதி ட்ராக், பாதி வாத்தியம் என்றால் அதைப் பாடவருகிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். ட்ரம்ஸ்காரர் ட்ராக்கின் வேகத்தைக் காட்டும் க்ளிக் சத்தத்தைக் காதில் கேட்டு வாசிக்கும்போது பாட்டு வளையாது. வளையும் என்று நம்பி வந்த பிள்ளையை நடு மேடையில் தவிக்கவிடுவது பாவம்.

கடைசியாகப் பெற்றோருக்கு. எட்டு வயதில் உச்சத்தில் பாடிக் கைதட்டு வாங்கிய மகனை, 13, 14 வயதிலும் அதே பாட்டை அதே ட்ராக்கில் பாடு என்று மேடையேற்றுகிறீர்கள். ஆண்பிள்ளையின் குரல் அந்த வயதை ஒட்டி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் அது எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. நடுப்பாட்டில் குரல் உடைந்து, கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பி, அதோடு பாட்டையே விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து அவனை ஒத்திகைக்குக் கூட்டிவாருங்கள். அன்றைய குரலுக்கு எந்தக் கட்டை சரிவருமோ அதில் வாசிப்போம். ஒன்றும் சரிவராவிட்டால் குரல் நிலைக்கும்வரை பாட்டைக் குறைத்துவிட்டு ஒக்டபேட் பழகவிடுங்கள். கல்முனையிலிருந்து கல்லடிவரை நல்ல ரிதம்காரருக்குத்தான் இப்போது தட்டுப்பாடு.