கவுண்டி ஜெயிலில் வகுப்பு நடத்த யார் பணம் தருகிறார்கள்?

அமெரிக்காவில் நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநில அரசின் சிறையிலோ மத்திய அரசின் சிறையிலோ இருப்பார்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஜெயில் அப்படியல்ல. பெரும்பாலான இடங்களில் அதை நடத்துவது கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகம். வழக்கு முடியாமல் காத்திருப்பவர்களும் சில மாதத் தண்டனைக்காரர்களும்தான் அங்கே அதிகம். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்த அரசுப் பணம் உண்டு, ஆனால் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

முதன்மையான வழி, 2014இல் வந்த டபிள்யூஐஓஏ (WIOA) என்ற மத்திய வேலைப் பயிற்சிச் சட்டத்தின் இரண்டாம் பகுதி. முதியோர் கல்விக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி தருவது இதன்கீழ்தான். அந்த நிதி 100 டாலர் என்றால், குறைந்தது 82.50 டாலரைப் பாடம் நடத்தும் அமைப்புகளுக்கு மாநிலம் பிரித்துத் தர வேண்டும். அந்த 82.50இல் 20 சதவீதம் வரை, அதாவது அதிகபட்சம் 16.50 டாலர், சிறைக் கல்விக்குப் போகலாம். 1998ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வரம்பு 10 சதவீதமாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ‘வரை’ என்ற சொல். இவ்வளவாவது செலவழித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதோடு அந்த 16.50 டாலருக்குள்தான் மாநிலச் சிறைகளும் கவுண்டி ஜெயில்களும் மறுவாழ்வு இல்லங்களும் பங்கு கேட்டு வர வேண்டும். அதனால்தான் ஒரு கவுண்டியில் வகுப்பு நடக்கிறது, பக்கத்துக் கவுண்டியில் எதுவுமே இல்லை. படிக்கும் வாய்ப்பு எந்த ஊரில் கைதானோம் என்பதைப் பொறுத்து அமைவது சரியல்ல. குறைந்தபட்சப் பங்கு ஒன்றையும் சட்டம் வைத்திருக்க வேண்டும்.

சட்டத்தில் ஜெயிலில் இருப்பவர்களுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் உண்டு. தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்குக் காத்திருப்பவரும் இந்த வகுப்பில் சேரலாம். அப்புறம், ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியே வரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். கவுண்டி ஜெயிலில் அநேகமாக எல்லோருமே அந்தக் கணக்கில் வருவார்கள். எழுத்தறிவு, ஆங்கிலம், ஜிஇடி (பள்ளி இறுதிப் படிப்புக்குச் சமமான சான்றிதழ்) தேர்வுக்கான பாடங்கள், தொழில் பயிற்சி, விடுதலைக்குப் பிறகான உதவி என எல்லாவற்றுக்கும் இந்தப் பணத்தைச் செலவிடலாம்.

நிதிக்கு விண்ணப்பிப்பது கைதியல்ல. அந்த ஊர் முதியோர் பள்ளியோ சமுதாயக் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ போட்டியிட்டு வாங்க வேண்டும். ஷெரிஃப் ஒத்துழைக்காவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

மாநிலங்களுக்கும் தனி வழிகள் உண்டு. கலிஃபோர்னியாவில் கவுண்டி ஜெயிலில் வகுப்பு நடத்தும் பள்ளி மாவட்டங்கள் வருகைப் பதிவின் அடிப்படையில் மாநில நிதி பெற முடியும். நீதிமன்றத்துக்குப் போன நாள், வேறு ஜெயிலுக்கு மாற்றிய நாள் எல்லாம் வருகையில் சேராது; பள்ளிக்கு அதுவே பெரிய சிரமம். சான் பிரான்சிஸ்கோ ஷெரிஃப் துறை 2003இல் ஜெயிலுக்குள்ளேயே ஃபைவ் கீஸ் என்ற சார்ட்டர் பள்ளியை (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) தொடங்கியது.

கல்லூரிப் படிப்புக்கு, வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை இருக்கிறது. 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற சிறைக் கல்வித் திட்டத்தில் சேர்பவர்களுக்கு அது கிடைக்கிறது. கவுண்டி ஜெயிலும் அதில் அடக்கம்.

இதெல்லாம் வீண் செலவு என்பவர்களுக்கு ஒரு கணக்கு: சிறைக் கல்விக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலரும், மறுபடி சிறையில் அடைக்கும் செலவில் மூன்று ஆண்டுகளில் நான்கு முதல் ஐந்து டாலர் வரை மிச்சப்படுத்துகிறது என்று 2013இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

உறவினர் யாராவது உள்ளே இருந்தால், வகுப்பு நடத்துவது எந்த அமைப்பு என்று ஜெயில் அலுவலகத்தில் கேளுங்கள். ஜிஇடியில் நான்கு பாடங்கள். அவற்றைத் தனித்தனியாக எழுதலாம். உள்ளே இரண்டில் தேறினால், பொதுவாக மீதி இரண்டை வெளியே வந்து எழுதி முடிக்கலாம். அதனால் விடுதலைக்கு முன்பே தேர்வு விவரங்களை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.